எம்.கே. தியாகராஜ பாகவதர்: பாடுகிறவரே நடிகராக இருந்த காலம்

தமிழ்ப் பேசும் படத்தின் முதல் பெரும் நட்சத்திரம் மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜ பாகவதர். 1910இல் மாயவரத்தில் பிறந்த அவர், 1959 நவம்பர் 1 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் தமது 49ஆம் வயதில் காலமானார். அவர் நடித்த படங்கள் மொத்தம் 14. முதல் ஒன்பது படங்கள் 1934க்கும் 1944க்கும் இடையே வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை கொட்டகைகளை நிரப்பின. பிற்பாடு வந்த ஐந்தில் ஒன்றுகூட அந்தப் பழைய ஓட்டத்தை ஓடவில்லை. இந்த ஒன்பதுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒரு கொலை வழக்கும் ஏறத்தாழ 30 மாதச் சிறைவாசமும் இருக்கின்றன. அதனால் சிறைதான் பாகவதரை வீழ்த்தியது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. மறுபாதியை விளங்கிக்கொள்ள, பாடத் தெரிந்தவர் மட்டுமே கதாநாயகனாக முடிந்த அந்தப் பதினைந்தாண்டுக் காலத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பாகவதர் அந்தக் காலத்தோடு ஏறியவர். அது இறங்கியபோது உடன் இறங்கியவர்.

தந்தை கிருஷ்ணமூர்த்தி ஆசாரி பொற்கொல்லர். குடும்பம் மாயவரத்திலிருந்து திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை, பாட்டில் ஒட்டியது. வீட்டை விட்டுக் கடப்பைக்கு ஓடிப்போனதும், தேடிச் சென்ற தந்தை அங்கே ஒரு கூட்டத்தின் நடுவே மகன் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டதும் அவரது வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் கதை. திருச்சிக்குத் திரும்பிய பின் அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவர் எஃப்.ஜி. நடேசய்யர். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த நடேசய்யர், ரசிக ரஞ்சன சபாவை நிறுவி நடத்தியவர், தாமும் நடிகர். அவருக்கு அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடத்துக்கு ஒரு பையன் தேவைப்பட்டான். பத்து வயதுத் தியாகராஜன் அந்த வேடத்தில் மேடை ஏறினார். அங்கே அவர் பாடியதைக் கேட்ட வயலின் வித்வான் மதுரை பொன்னு ஐயங்கார், முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொடுக்க முன்வந்தார். வயலின் வித்வானிடம் பாடம் கேட்டது ஒரு நல்வாய்ப்பு. வயலினுக்கு ஈடுகொடுத்துப் பாடிப் பழகிய குரலுக்குச் சுருதி பிசகுவதில்லை. பாகவதரின் இசைத்தட்டுகளை இன்று கேட்கிறவர்களும் முதலில் உணர்வது அந்தச் சுருதிச் சுத்தத்தைத்தான்.

அக்காலத் தமிழ் நாடகத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பாய்ஸ் கம்பெனி: சிறுவர்களைச் சேர்த்து, ஒரே இடத்தில் தங்கவைத்து, வாத்தியார் பயிற்சி கொடுத்து ஊர் ஊராக நாடகம் போடும் ஏற்பாடு. மற்றொன்று ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனி என்று எதுவும் கிடையாது. ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரரை வேறோர் ஊரிலிருந்தும் காண்டிராக்டர் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார். ஒத்திகை பெரும்பாலும் இருக்காது. கதை எல்லோருக்கும் தெரிந்த வள்ளி திருமணமோ பவளக்கொடியோதான். ஆகவே அன்றிரவு மேடையில் நடப்பது பாட்டுப் போட்டி. எதிரே நிற்பவர் பாடிய ராகத்தை வாங்கி அதைவிட ஒருபடி மேலே கொண்டுபோய் நிறுத்துகிறவருக்குக் கைதட்டலும் ஒன்ஸ்மோரும் கிடைக்கும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும் என்பதால் உச்ச சுருதியில் பாடுவது வழக்கமாயிற்று. அதன் சிகரம் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் 1933 டிசம்பரில், 30 வயதைத் தொடும் முன்பே மறைந்தார். ஒரு பேசும் படத்திலும் அவர் நடிக்கவில்லை. அவருடைய குரல் இசைத்தட்டோடு நின்றுபோன அந்த நேரத்தில்தான், அதே உச்ச சுருதியும் அதைவிட மென்மையான சாரீரமும் கொண்ட இளைஞர் ஒருவர் மேடையிலிருந்து படத்துக்குள் நுழைந்தார். கிட்டப்பா இன்னும் ஐந்தாண்டு இருந்திருந்தால் தமிழ் சினிமாவின் முதல் அத்தியாயம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

சென்னையில் படம் பார்க்கும் பழக்கம் அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது. சிந்தாதிரிப்பேட்டையின் பிளாக்கர்ஸ் சாலையில், 1914ஆம் ஆண்டையொட்டி ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி தியேட்டர், இந்தியர் ஒருவர் இந்நகரில் கட்டிய முதல் சினிமாக் கொட்டகை என்று கருதப்படுகிறது. அது ஊமைப்படங்களின் காலம். திரையில் உருவம் அசையும். பாட்டும் பேச்சும் இராது. 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியாகித் திரை பேசத் தொடங்கியது. டி.பி. ராஜலட்சுமி பாடினார், பேசினார். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தமிழ்ப் படம் எடுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போக வேண்டியிருந்தது. 1934இல்தான் சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோக்கள் தோன்றின.

அவற்றில் ஒன்று அடையாற்றில் இருந்த மீனாட்சி சினிடோன். ‘பவளக்கொடி’ நாடகத்தில் தியாகராஜ பாகவதர் அர்ச்சுனனாகவும் எஸ்.டி. சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் பாடி நடித்துக்கொண்டிருந்ததைக் காரைக்குடிப் பக்கத்தில் பார்த்த லட்சுமணன் செட்டியார், அந்த இணையை அப்படியே படத்துக்குக் கொண்டுவந்தார். இயக்கம் கே. சுப்பிரமணியம், அவருக்கும் அதுவே முதல் பேசும் படம். பாட்டுக்குப் பொறுப்பேற்றவர் பாபநாசம் சிவன். படத்தில் ஏறக்குறைய 50 பாட்டுகள். சூரிய வெளிச்சத்தில் திறந்தவெளியில் படப்பிடிப்பு. மேகம் மறைத்தால் வேலை நிற்கும். காக்கை கரைந்தால் ஒலிப்பதிவு கெடும். பாட்டைத் தனியாகப் பதிவுசெய்து பிறகு வாயசைக்கும் முறை வழக்கத்துக்கு வரவில்லை. கேமராவுக்கு முன்னால் நின்று நடிகர் பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். படமும் ஒலியும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஓரிடத்தில் பிசகினால் பாட்டு முழுவதையும் மறுபடி பாட வேண்டும். மைக்கை விட்டு விலக முடியாததால் நடிகர் நின்ற இடத்திலேயே நிற்பார். இன்று அந்தப் படங்களைப் பார்த்து, கதாநாயகன் மரம்போல் நிற்கிறாரே என்று சொல்கிறவர்கள் இந்த நிர்ப்பந்தத்தை மறந்துவிடுகிறார்கள். அங்கே முகமும் கையும் செய்ய வேண்டிய வேலையைக் குரல்தான் செய்தது.

‘பவளக்கொடி’ 1934இல் வெளியாகி நன்றாக ஓடியது. அடுத்து ‘நவீன சாரங்கதாரா’, 1936இல் ‘சத்தியசீலன்’. தமிழ்நாடு முழுவதும் பாகவதர் பெயரைக் கொண்டுசென்றது 1937இல் மதுரை ராயல் டாக்கீஸ் எடுத்த ‘சிந்தாமணி’. ஒய்.வி. ராவ் இயக்கிய இந்தப் படம், தாசியின் மேல் மோகம்கொண்டு பிறகு கண்ணன் பக்தனாக மாறும் பில்வமங்கனின் கதை. சிந்தாமணியாகக் கே. அசுவத்தம்மா நடித்தார். படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. கிடைத்த இலாபத்தில் தயாரிப்பாளர்கள் மதுரையில் ஒரு தியேட்டர் கட்டி அதற்கும் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். ஒரு படத்தின் பெயர் கட்டடமாக நின்று, பிறகு அந்தப் பகுதிக்கே அடையாளமாகிப்போனது.

அதே 1937இல் வந்த ‘அம்பிகாபதி’யின் முக்கியத்துவம் வேறு வகையானது. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய படம் அது. கம்பர் மகனுக்கும் சோழ இளவரசிக்கும் இடையிலான காதலைத் தமிழ் தெரியாத ஒருவர் எடுத்தார். காதல் காட்சிகளில் நாடக மேடையின் நெடி குறைந்தது. இந்தப் படத்தில் வசனம் எழுத வந்தவர் இளங்கோவன். அதுவரை படத்தில் பேச்சு என்பது ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே இருந்த இணைப்புத்தான். இளங்கோவனின் தமிழில் முதன்முறையாக வசனத்துக்கே ஓர் ஓசையும் எடுப்பும் வந்தன. பின்னாளில் பாட்டைப் பின்னுக்குத் தள்ளிய வசன யுகத்தின் விதை, பாகவதரின் வெற்றிப் படம் ஒன்றிலேயே விழுந்தது. அப்போது அதை யாரும் அவ்வாறு பார்த்திருக்க மாட்டார்கள்.

1939இல் ராஜா சாண்டோ இயக்கிய ‘திருநீலகண்டர்’. 1941இல் ராஜா சந்திரசேகர் இயக்கிய ‘அசோக்குமார்’. அசோகச் சக்கரவர்த்தியின் மகன் குணாளனை மாற்றாந்தாய் மோகித்து, அது நிறைவேறாமல் போகவே அவன் கண்களை இழக்கச் செய்யும் கதை. மாற்றாந்தாயாகப் பி. கண்ணாம்பா, அசோகராகச் சித்தூர் வி. நாகையா. பாகவதரின் நடிப்பைப் பற்றிக் குறைவாக மதிப்பிடுகிறவர்கள் பார்க்க வேண்டிய படம் இது. கண்ணாம்பாவின் அனல் பறக்கும் வசனத்துக்கு எதிரே அவர் குரலை உயர்த்தாமல் நிற்கிறார். அந்த அடக்கம் பாத்திரத்துக்குப் பொருந்துகிறது. மகேந்திரன் என்ற சிறு வேடத்தில் இந்தப் படத்தில் நடித்தவர் எம்.ஜி. ராமச்சந்திரன். ‘பவளக்கொடி’ எடுக்கப்பட்ட அடையாறு ஸ்டூடியோ பிற்காலத்தில் நெப்டியூனாகி, பிறகு எம்.ஜி.ஆருக்குச் சொந்தமான சத்யா ஸ்டூடியோவாயிற்று. இன்று அங்கே ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது.

1943இல் கோவை பட்சிராஜா பட நிறுவனத்தின் ‘சிவகவி’, 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’. சுந்தர் ராவ் நட்கர்ணி இயக்கிய ‘ஹரிதாஸ்’, பெற்றோரை உதாசீனம் செய்த மகன் திருந்தி, அவர்களுக்குத் தொண்டு செய்யும் புண்டலீகனின் கதையைத் தழுவியது. போர்க்காலத்தில் பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. 50 பாட்டுகளுக்கு இனி இடமில்லை. அந்தக் கட்டாயம் படத்துக்கு நன்மையாகவே முடிந்தது. பாட்டுகள் குறைந்தன; ஒவ்வொன்றும் கதையில் தனக்குரிய இடத்தில் உட்கார்ந்தது. தாசி ரம்பாவாக டி.ஆர். ராஜகுமாரி, மனைவியாக என்.சி. வசந்தகோகிலம், நகைச்சுவைக்கு என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். சென்னை பிராட்வே தியேட்டரில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று ஆண்டுகளின் தீபாவளிகளையும் அந்தப் படம் கண்டது.

இந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருந்த இருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாபநாசம் சிவன் மயிலாப்பூரில் வாழ்ந்தவர். கபாலீசுவரர் கோயில் மார்கழி பஜனையில் பாடிக்கொண்டு சென்ற அதே சிவன்தான் சினிமாவுக்கும் எழுதினார். சொல் எளிமையானது, ராகம் கலப்படமில்லாதது. இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் ஆர்மோனியம் வாசித்துப் பழகி வந்தவர். எந்த ராகத்தின் எந்தப் பிடி கேட்டவுடன் மனத்தில் ஒட்டும் என்று அவருக்குத் தெரியும். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றேகால் நிமிடம்தான் ஓடும். மேடையில் கால் மணி நேரம் விரிந்த ராகத்தின் சாரத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் இறக்கிவைத்தார்கள். ‘ஹரிதாஸ்’ படத்துக்கு முன் சாருகேசி ராகத்தைச் சாதாரண ஜனங்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அந்தப் படத்துக்குப் பிறகு அது வண்டிக்காரர் வாயிலும் புழங்கியது. கச்சேரி மேடைகளில் தெலுங்குக் கிருதிகளே நிறைந்திருந்த காலம் அது. தமிழில் பாடக் கோரும் தமிழிசை இயக்கம் 1941இல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட்டி, 1943இல் சென்னையில் சங்கம் அமைத்தது. அந்தத் தீர்மானங்களுக்கு முன்னும் பின்னுமாக, சபாவுக்குள் நுழைந்திராத இலட்சக்கணக்கானவர்களுக்கு நல்ல ராகங்களைத் தமிழ்ச் சொல்லோடு கேட்கக் கொடுத்தவர் பாகவதர். அவர் செய்த காரியங்களில் இதுவே மிகப் பெரியது. பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை ஒருவர், சங்கீதம் எங்களுக்கும் உரியது என்ற உணர்வைக் கேட்டவர்கள் மனத்தில் ஏற்றியது சிறு காரியமும் அன்று.

புகழ் வேறு வகையிலும் வெளிப்பட்டது. தோள்வரை வாரிவிட்ட முடிக்குப் ‘பாகவதர் கிராப்’ என்றே பெயர் நிலைத்தது. இளைஞர்கள் அதை வளர்த்தார்கள். பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், ஜவ்வாது மணம் எல்லாம் அவரைப் பற்றிய பேச்சில் இடம்பிடித்தன. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் வீட்டுக்கு வீடு சேர்ந்தன. அதே ஆண்டுகளில் பி.யு. சின்னப்பா பாட்டிலும் சண்டையிலும் வசனத்திலும் இணையாக எழுந்தார். ‘உத்தமபுத்திரன்’, ‘கண்ணகி’, ‘ஜகதலப்பிரதாபன்’ எல்லாம் அவர் கொடிகட்டிப் பறந்த படங்கள். ஊருக்கு ஊர் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

‘ஹரிதாஸ்’ வெளியாகிச் சில வாரங்களில் வழக்கு வந்தது. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தைப் பற்றி அவதூறாக எழுதி, ‘சினிமா தூது’ என்றும் பிறகு ‘இந்து நேசன்’ என்றும் பத்திரிகை நடத்தியவர் சி.என். லட்சுமிகாந்தன். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்தபோது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் மேல் குற்றம் சாட்டப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன் ஜூரிகளோடு விசாரணை நடந்தது. நாயுடு விடுதலையானார். ஜூரிகளில் பெரும்பான்மையோர் மற்ற இருவரையும் குற்றவாளிகள் என்றனர். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் செய்த முறையீடு தள்ளுபடியானது. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில், சாட்சியங்களை நம்ப முடியாது என்று முடிவாகி இருவரும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். சட்டத்தின் தீர்ப்பு அதுதான். இன்றும் அந்தக் கொலையைக் கிசுகிசுவாகத் தோண்டி எழுதுகிறவர்கள், இருவரையும் நீதிமன்றம் விடுவித்தது என்ற ஒரு வரியை மட்டும் சிறிய எழுத்தில் போடுகிறார்கள். அது அந்த இரு கலைஞர்களுக்கும் இழைக்கப்படும் அநீதி.

சிறைவாசத்தின் நேரடி இழப்புகள் கண்கூடு. ஒப்பந்தமாகியிருந்த படங்கள் கைமாறின. பாகவதருக்காக எண்ணியிருந்த ‘உதயணன்’ படத்தில் ஜி.என். பாலசுப்பிரமணியம் நடித்தார். வழக்குச் செலவு கைப்பொருளைக் கரைத்தது. ஆனால் அவருடனேயே சிறை சென்று அவருடனேயே வெளிவந்த என்.எஸ். கிருஷ்ணனின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கிருஷ்ணன் பழைய இடத்துக்கு மீண்டார். 1949இல் அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’யில் நடித்தார், 1951இல் ‘மணமகள்’, 1952இல் ‘பணம்’ என்று படங்களை இயக்கினார், 1957இல் மறையும்வரை ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஒரே சிறை, ஒரே விடுதலை நாள். ஒருவர் மீண்டார், மற்றவர் மீளவில்லை. கிருஷ்ணனின் கலை பேச்சில் இருந்தது. 1947க்குப் பிந்திய சினிமா பேச்சைத் தேடியது.

பாகவதர் சிறையில் இருந்த மாதங்களில் மாறியது சினிமாவின் தொழில்நுட்பமும் ரசனையும். பாட்டை முன்கூட்டியே பதிவுசெய்து, பின்னணிப் பாடகர் குரலுக்கு நடிகர் வாயசைக்கும் முறை நிலைபெற்றது. 1938இலேயே ‘நந்தகுமார்’ படத்தில் ஏ.வி. மெய்யப்பன் சோதித்துப் பார்த்த முறை அது. பத்தாண்டுகளில் அதுவே விதியாயிற்று. கதாநாயகனுக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் ஒழிந்தது. குரலை ஓரிடத்திலும் உருவத்தை வேறோரிடத்திலும் தேர்ந்தெடுக்கலாம் என்றானபின், இரண்டையும் ஓருடலில் வைத்திருந்தவரின் விலை இறங்கியது. புராணக் கதைகளின் இடத்தைச் சமூகக் கதைகள் பிடித்தன. ‘வேலைக்காரி’, ‘மந்திரிகுமாரி’, ‘பராசக்தி’ என்று வசனத்தின் ஆட்சி தொடங்கியது.

பாகவதர் வெளிவந்ததும் எடுத்த முதல் படம் 1948இல் வெளியான ‘ராஜமுக்தி’. பூனாவில் எடுக்கப்பட்டது. சி.ஆர். சுப்பராமன் இசை, பாட்டுகள் சிவனுடையவை, பி. பானுமதி, வி.என். ஜானகி, எம்.ஜி. ராமச்சந்திரன் உடன் நடித்தார்கள். எம்.எல். வசந்தகுமாரி பின்னணி பாடினார். பாட்டுகள் இன்றும் நிற்கின்றன, படம் நிற்கவில்லை. 1952இல் ‘அமரகவி’யும் ‘சியாமளா’வும் வந்தன. அதே ஆண்டு தீபாவளிக்கு ‘பராசக்தி’ வெளியானது. அந்த மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு இங்கே முன்வைக்கும் வாதத்தை வேறு விளக்கம் இல்லாமலே உணர முடியும். பாகவதரின் குரலில் தளர்ச்சி இல்லை. திரையை நிரப்ப அது மட்டும் போதும் என்ற நிலைமைதான் போய்விட்டிருந்தது. அவரது போட்டியாளர் சின்னப்பா 1951இலேயே இளவயதில் மறைந்துவிட்டார். பாடும் கதாநாயகர்களில் டி.ஆர். மகாலிங்கம் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. மதுரையில் பாகவதர் பாட்டுகளைப் பாடிப் பாடியே தேர்ந்த டி.எம். சௌந்தரராஜன், 1950இல் ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் பின்னணி பாட வந்தபோது பாகவதர் சாயலிலேயே பாடினார். அந்த உச்ச சுருதி வழி பிறகு சிவாஜி கணேசனின் உதட்டிலும் எம்.ஜி.ஆரின் உதட்டிலும் ஏறியது. பாகவதர் உருவம் திரையை விட்டு விலகிய பின்னும் அவர் பாடிய வழி வேறு முகங்களுக்குப் பின்னால் நெடுங்காலம் ஒலித்துக்கொண்டிருந்தது.

கடைசி ஆண்டுகளில் அவர் கச்சேரிகளுக்குச் சென்றார். மேடையில் பழைய கூட்டம் கூடியது. பழைய பாட்டுகளையே கேட்டது. 1957இல் தாமே இயக்கிய ‘புது வாழ்வு’ வெளியாகித் தோற்றது. நீரிழிவு நோய் உடம்பை அரித்து, கண் பார்வையையும் மங்கச் செய்தது. 1959இல் சென்னையில் மறைந்த அவரது உடல் திருச்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் லோகிதாசனாக மேடை ஏறிய அந்த ஊரில் இறுதிச் சடங்குகள் நடந்தன. அவர் நடித்த கடைசிப் படமான ‘சிவகாமி’ அடுத்த ஆண்டு, 1960இல் வெளிவந்தது.